திண்ணையில் உட்காரவும் சீட்டு வேணும், பேராண்டி

வாடா பேராண்டி, வா. இப்படி வெளிச்சத்துக்கு வந்து அந்த ஃபோனைக் காட்டு. என் கண்ணாடி எங்க? ம்... சென்னை, சென்னையிலேருந்து துபாய், துபாய்லேருந்து நியூயார்க், நியூயார்க்லேருந்து டொரோண்டோ. அடேயப்பா! படிக்கப் போறவனுக்கு உலகத்தையே சுத்திக் காட்டிக் கொண்டுபோய் விடுறானே, பெரிய மனசுக்காரன்தான். மத்த டிக்கெட்டைவிட இருபதாயிரம் கம்மின்னு வேற சொல்றே. உங்கப்பன் என்னைக்காவது இருபது ரூபா மிச்சம் பிடிச்சிருக்கானா? நீ உங்க ஆத்தா வழிப் புத்தி.

சரி, ஒண்ணு கேட்கிறேன், கோவிச்சுக்காமச் சொல்லு. நியூயார்க்ல ஆறு மணி நேரம் இருக்கணும்னு போட்டிருக்கே, அந்த ஆறு மணி நேரத்துக்கு அமெரிக்காக்காரன்கிட்ட விசா வாங்கிட்டியா? என்னடா சிரிக்கிறே? "நான் கனடாவுக்குத்தானே தாத்தா போறேன், அமெரிக்காவுக்கா போறேன்"னு கேட்கிறே. நல்ல கேள்வி. இதே கேள்வியை அந்த கவுன்டர்ல நிக்கிற பொண்ணுகிட்ட ராத்திரி ரெண்டு மணிக்குக் கேட்டுப் பாரு. அதுவும் உன்னை மாதிரியே சிரிக்கும். ஆனா பெட்டியை பெல்ட்லேருந்து இறக்கி உன் கையில கொடுத்துட்டுச் சிரிக்கும்.

உட்காரு. அப்பாயி மோர் கொண்டாறா. பட்டுக்கோட்டை கோர்ட்டுல வக்கீல் குமாஸ்தாவா இருந்தவன் நான். பத்திரத்துல எந்த வரியில வில்லங்கம் ஒளிஞ்சிருக்கும்னு மோந்து பார்த்தே சொல்லுவேன். உங்க அத்தையைப் பார்க்க டொரோண்டோவுக்குப் போய் வந்ததுல இந்த விமான டிக்கெட்டும் ஒரு பத்திரம்தான்னு புரிஞ்சுபோச்சு. நீங்கள்லாம் விலையை மட்டும் படிக்கிறீங்க.

நம்ம பழைய வீட்டைப் பார்த்திருக்கேல்ல? வாசல்ல திண்ணை. வழிப்போக்கன் வருவான், உட்காருவான், ஒரு சொம்பு தண்ணி கேட்பான், துண்டை உதறிப் போட்டுக்கிட்டுப் போயிடுவான். அவன் யாரு, எந்த ஊருன்னு நாம கேட்கிறதில்லை. நிலைப்படி தாண்டி உள்ளே வந்தாத்தான் கேள்வி. ஏர்போர்ட்ல டிரான்ஸிட்டுன்னு சொல்றது இந்தத் திண்ணைதான். இமிகிரேஷன் கவுன்டர்தான் நிலைப்படி. அதைத் தாண்டாத வரைக்கும் நீ அந்த நாட்டுக்குள்ள போகலைன்னு கணக்கு. துபாய், தோஹா, சிங்கப்பூர் இதெல்லாம் நல்லா அகலமாத் திண்ணை கட்டி, அதுல கடையும் போட்டு, வர்றவன்கிட்ட வித்துக் காசு பார்க்கிற ஊருங்க. ஒரே டிக்கெட்டுல வந்து அடுத்த விமானம் ஏறுறவனை அங்க யாரும் விசா கேட்கிறதில்லை. வாசனைத் தைலக் கடைக்காரன்தான் கையைப் பிடிச்சு இழுப்பான்.

அமெரிக்காக்காரன் வீட்டுல திண்ணையே கிடையாது.

இதுதான் நீ தெரிஞ்சுக்கவேண்டியது. அங்க விமானத்தை விட்டு இறங்கினா நேரா நிலைப்படிதான். ஆறு மணி நேரமோ அரை மணி நேரமோ, இமிகிரேஷன் வரிசையில நின்னு, ரேகை வச்சு, அந்த நாட்டுக்குள்ள முறையா நுழைஞ்சு, பெரும்பாலும் பெட்டியையும் நீயே எடுத்து மறுபடி போட்டு, அப்புறம்தான் அடுத்த விமானம். முன்னாடி அப்படி இல்லை. விசா இல்லாமலே, விமானக் கம்பெனி பொறுப்புல, காவலோட கடந்துபோக ஒரு ஏற்பாடு வச்சிருந்தாங்க. பயங்கரவாதிங்க இந்த வழியைப் பயன்படுத்தலாம்னு உளவுத் தகவல் வந்ததும் 2003 ஆகஸ்ட் 2-ம் தேதி அதை நிறுத்தி வச்சாங்க. தற்காலிகம்னுதான் நிறுத்துனது. அது நிக்கிறப்போ நீ பொறக்கவே இல்லை. உனக்கு மீசை முளைச்சு, அதைச் செரைக்கவும் ஆரம்பிச்சிட்டே. தற்காலிகம் இன்னும் முடியலை.

அதனால உனக்கு வேண்டியது சி-1ன்னு ஒரு விசா. கடந்துபோறவனுக்கான விசா. அதுக்கு டிஎஸ்-160ன்னு ஒரு படிவம். உன் பாட்டன் பூட்டனைத் தவிர மத்தது எல்லாம் கேட்பான். கட்டணம் 185 டாலர், விசா கொடுக்கலைன்னாலும் திரும்பி வராது. ரேகை வைக்க ஒரு நாள், நேர்காணலுக்கு ஒரு நாள், ரெண்டுக்கும் மெட்ராஸ் போகணும். ஜெமினி பாலத்துக்குப் பக்கத்துல ஃபைலை மார்போட அணைச்சுக்கிட்டு வெயில்ல ஒரு கூட்டம் நிக்குமே, அதுல நீயும் நிப்பே. சுற்றுலா விசா வச்சிருக்கிறவன் அதையே காட்டிட்டுப் போகலாம். உன்கிட்ட அது இல்லை. நேர்காணல் தேதி எப்போ கிடைக்கும்னா, உன் காலேஜ் திறக்கிற தேதிக்கும் அதுக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்காது.

அந்த நேர்காணலை நினைச்சாத்தான் எனக்குச் சிரிப்பு வருது. உன் ஊருக்கு வர்றேன்னு சொல்றவன்கிட்ட ஆயிரம் கேள்வி கேட்கிறது நியாயம். நீ போய் "ஐயா, உங்க ஊருக்கு நான் வரலை, எனக்கு உங்க ஊரே வேண்டாம்"னு நிரூபிக்கணும். ஒரு ஊரு வேண்டாம்னு சொல்றதுக்கு 185 டாலர் கட்டுறவன் நம்ம வம்சத்துலேயே நீ ஒருத்தன்தான். இருபதாயிரம் மிச்சம்னு சொன்னியே, இந்தக் கட்டணம், மெட்ராஸுக்கு ரெண்டு தடவை பஸ் சார்ஜ், லாட்ஜ் வாடகை எல்லாம் கூட்டிக் கழிச்சுப் பாரு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

இன்னொண்ணு கவனிச்சியா? துபாய்லேருந்து டொரோண்டோவுக்கு நேராவே விமானம் போகுது. துபாய் வரைக்கும் சரியாப் போய்ட்டு அங்கேருந்து ஏன்டா நியூயார்க்குக்கு வளைஞ்சே? "கம்மியாக் காட்டுச்சு தாத்தா." காட்டும்டா. அந்த ஆப் உன் பாஸ்போர்ட்டைப் பார்த்ததே இல்லை. அது விமானம் எங்கேருந்து எங்க போகுதுன்னு பார்க்கும். உள்ள உட்கார்ந்திருக்கிறவன் எந்த நாட்டுக்காரன்னு அதுக்கு என்ன கவலை? சுவிட்சர்லாந்துக்காரனுக்கும் உனக்கும் அதே விலையில அதே டிக்கெட்டை வித்துடும். சமத்துவம்னா இதுதான் சமத்துவம்.

ஐரோப்பா வழியாப் போனா என்ன ஆகும்னு கேட்கிறே. அங்க உனக்கு யோகம். உன் பாஸ்போர்ட்ல கனடா விசா ஒட்டியிருக்கு. ஐரோப்பாவுல ஷெங்கன்னு ஒண்ணாச் சேர்ந்திருக்கிற நாடுங்க, கனடா, அமெரிக்கா, ஜப்பான் இதுல எதுக்காவது செல்லுபடியாகிற விசா வச்சிருக்கிறவனை டிரான்ஸிட் விசா கேட்கிறதில்லை. லண்டன்காரனும் கனடா விசாவைப் பார்த்தா விட்டுடுவான். விசா வச்சிருக்கிறவனுக்கு விசா வேண்டாம். ஒண்ணுமே இல்லாதவன்தான் வாங்கணும். உலகம் எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு இதுலேயே தெரிஞ்சுக்க.

ஒண்ணுமே இல்லாத இந்தியப் பாஸ்போர்ட்காரன் லண்டன்ல விமானம் மாறணும்னா, நிலைப்படி தாண்டாட்டாலும் விசா வேணும். ஐரோப்பாவுல கதை கொஞ்சம் சுத்து. எல்லா நாடும் சேர்ந்து ஒரு பொதுப் பட்டியல் வச்சிருக்கு: ஆப்கானிஸ்தான், பங்களாதேஷ், காங்கோ ஜனநாயகக் குடியரசு, எரித்ரியா, எத்தியோப்பியா, கானா, ஈரான், ஈராக், நைஜீரியா, பாகிஸ்தான், சோமாலியா, இலங்கை. இந்தப் பன்னிரண்டு நாட்டுக்காரனும் எந்த ஷெங்கன் ஏர்போர்ட் திண்ணையில உட்காரவும் சீட்டு வாங்கணும். இந்தியா அந்தப் பட்டியல்ல இல்லை. உடனே காலரைத் தூக்கிவிடாதே. தனித்தனி நாடுங்க தனித்தனியா இன்னும் சில பேரைச் சேர்த்துக்கலாம்னு சட்டத்துல இடம் விட்டு வச்சிருக்கான். ஜெர்மனி ரொம்ப காலமா நம்மளைச் சேர்த்து வச்சிருந்துச்சு. 2026 ஜனவரியில ஜெர்மன் சான்சலர் மெர்ஸ் இந்தியாவுக்கு வந்தப்போ அதை எடுத்துடுறோம்னு அறிவிச்சார். அறிவிக்கிறது ஒரு நாள், அமலாகுறது ஒரு நாள். டிக்கெட் போடுற அன்னைக்கு நிலவரம் என்னன்னு தூதரகத்துப் பக்கத்துல பார்த்துட்டுப் போடணும். போன வருஷம் போனவன் சொல்றதைக் கேட்டுக்கிட்டுப் போகாதே. போன வருஷம் போனவன்தான் இதுல ஊரைக் கெடுக்கிறவன்.

இதுல ஒரு பள்ளம் இருக்கு, சொல்லிப்புடுறேன். கம்மி விலைன்னு சென்னையிலேருந்து பிராங்க்ஃபர்ட், பிராங்க்ஃபர்ட்லேருந்து பாரிஸ், பாரிஸ்லேருந்து டொரோண்டோன்னு ஒண்ணு காட்டும். ஐரோப்பாவுல ரெண்டு இடத்துல மாறுறது. பிராங்க்ஃபர்ட்லேருந்து பாரிஸ் போறது அவனுக்கு உள்ளூர் விமானம். உள்ளூர் விமானம் ஏறணும்னா பிராங்க்ஃபர்ட்லேயே இமிகிரேஷன் தாண்டி உள்ளே போயாகணும். அங்க உன் கனடா விசா செல்லாது, திண்ணைச் சீட்டும் செல்லாது. முழு ஷெங்கன் விசா வேணும். அதுக்கு 90 யூரோ, அப்புறம் பேங்க் புத்தகம், இன்சூரன்ஸ், உங்கப்பன் சம்பளச் சீட்டு. ஒரு இடத்துல மாறினா ஒண்ணும் கேட்கமாட்டான், ரெண்டு இடத்துல மாறினா வீட்டுப் பத்திரத்தைக் கேட்பான்.

ராத்திரி விமானம் ரத்தாகிப் போச்சுன்னு வச்சுக்க. பிராங்க்ஃபர்ட்ல கூட வந்தவனுக்கெல்லாம் கம்பெனிக்காரன் ஹோட்டல் சீட்டு கொடுப்பான். உனக்கும் கொடுப்பான், மரியாதையா. ஆனா ஹோட்டல் நிலைப்படிக்கு அந்தப் பக்கம் இருக்கு. நீ அந்தச் சீட்டை மடிச்சுத் தலைக்கு வச்சுக்கிட்டுப் படுத்துக்கலாம். லண்டன்ல கொஞ்சம் பரவாயில்லை. கனடா விசாவும், மறுநாள் ராத்திரி 11.59-க்குள்ள கிளம்புற டிக்கெட்டும் இருந்தா உள்ளே விட வழி இருக்கு. ஆனா அந்த அதிகாரி இஷ்டம். அதனால அவர்கிட்ட உன் அரசியல் கருத்தையெல்லாம் சொல்லாதே.

அந்தப் பட்டியல்ல இலங்கை ஏன் இருக்குன்னு கேட்க மாட்டியா? கேட்கமாட்டே, உனக்கு ரீல்ஸ் பார்க்கவே நேரம் போதலை. நானே சொல்றேன். இதுல நம்ம பாஷை பேசுற சனத்தோட கதை ஒண்ணு இருக்கு.

1983 கலவரத்துக்கப்புறம் இலங்கைத் தமிழர் கையில கிடைச்ச விமானத்துல ஏறித் தப்பிச்சாங்க. பிரிட்டன்காரன் 1985-ல இலங்கைக்காரனுக்கு விசா கட்டாயம்னு ஆக்கினான். காமன்வெல்த்துல அவன் அப்படிச் செஞ்ச முதல் நாடு அதுதான். சண்டை நடக்கிற ஊர்ல போய் வரிசையில நின்னு, படிவம் எழுதி, "எங்களைக் கொல்றாங்க, விசா கொடுங்க"ன்னு கேட்டா எவன் கொடுப்பான்? வேற வழியா வந்தாங்க. 1987 பிப்ரவரியில லண்டன் ஹீத்ரோவுல வந்து இறங்கின ஐம்பது அறுபது தமிழர்களைத் திருப்பி விமானத்துல ஏத்தப் பார்த்தாங்க. அந்தக் குளிர்ல, ஓடுதளத்துப் பக்கத்துலேயே, அவங்க சட்டையையும் கால்சட்டையையும் கழட்டிப் போட்டுட்டு உள்ளாடையோட நின்னாங்க. ஏற மாட்டோம்னு. கோர்ட்டு தலையிட்டு அன்னைக்கு அவங்களை அனுப்பவிடாம நிறுத்திச்சு. பேப்பர்ல வந்தப்போ டீக்கடையில நாங்க பத்துப் பேர் அந்த ஒரே பக்கத்தைப் படிச்சோம். யாரும் டீயைக் குடிக்கலை.

இதுல நான் நையாண்டி பண்ண மாட்டேன். அடுத்து நடந்ததுல பண்ணலாம். உள்துறை மந்திரி டக்ளஸ் ஹர்ட் சில வாரத்துக்குள்ள ஒரு மசோதாவோட வந்தார். மே மாசத்துல சட்டமே ஆயிடுச்சு. சரியான காகிதம் இல்லாத ஒரு பயணியைக் கூட்டிக்கிட்டு வந்தா விமானக் கம்பெனிக்கு ஆயிரம் பவுண்டு அபராதம். அப்புறம் அதை ரெண்டாயிரம் ஆக்கினாங்க. எவ்வளவு சாமர்த்தியம் பாரு! காவலுக்கு ஆள் போட வேண்டாம், சம்பளம் கொடுக்க வேண்டாம், எல்லையைத் தூக்கி விமானக் கம்பெனி தலையில வச்சாச்சு. அகதியா வர்றவன் லண்டன் மண்ணை மிதிச்சுட்டுத்தானே கோர்ட்டுக்குப் போறான்? மிதிக்கவே விடாதே. அவன் ஊர் கவுன்டரிலேயே நிறுத்து. மத்த நாடுங்களும் இதே வழியைப் பிடிச்சுக்கிச்சு.

ஐரோப்பாக்காரன் 1996-ல முதல் பொதுப் பட்டியல் போட்டப்போ பத்து நாடு இருந்துச்சு, அதுல இலங்கை ஒண்ணு. 2009-ல விசாச் சட்டத்தைப் புதுசா எழுதினப்பவும் இலங்கையை எடுக்கலை. சண்டை முடிஞ்சது அதே 2009-லதான். பட்டியல்ல ஏத்துறதுக்கு ஒரு வாரம் போதும், இறக்குறதுக்கு ஒரு தலைமுறையும் போதாது. நம்ம தாலுகா ஆபீஸ்ல பட்டா மாத்திப் பார்த்தவனுக்கு இது புரியும்.

கோர்ட்டு வாசம் எனக்குப் போகாது, அதனால இன்னொண்ணையும் சொல்றேன். 1992-ல சோமாலியாக்காரங்க நாலு பேர், கூடப் பொறந்தவங்க, பாரிஸ் ஓர்லி ஏர்போர்ட்ல வந்து இறங்கினாங்க. இருபது நாள் அவங்களைக் காவலுக்குள்ள வச்சிருந்து திருப்பி அனுப்பிட்டாங்க. அதுக்கு பிரெஞ்சு சர்க்கார் என்ன சொல்லிச்சு தெரியுமா? "அவங்களை நாங்க அடைச்சு வைக்கலையே, எப்ப வேணும்னாலும் வேற நாட்டுக்குப் போயிருக்கலாமே." 1996-ல ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அதை ஏத்துக்கலை. சர்வதேசப் பகுதின்னு பேர் வச்சுட்டா அது உன் மண்ணு இல்லைன்னு ஆகிடாது, அங்கயும் உன் சட்டம்தான் நடக்கணும்னு சொல்லிட்டாங்க. அதாவது திண்ணையும் வீட்டுக்காரன் பட்டாவுலதான் இருக்கு. வழிப்போக்கனைத் திண்ணையில வச்சுச் சங்கிலி போட்டுட்டு, வீட்டுக்குள்ள நான் ஒண்ணும் பண்ணலையேன்னு கேட்க முடியாது. நம்ம பட்டுக்கோட்டை முன்சீப்பே இந்தத் தீர்ப்பைக் கொடுத்திருப்பார், நாலு வாய்தா கழிச்சு.

இப்போ உனக்குப் புரியுதா, கவுன்டர்ல நிக்கிற அந்தப் பொண்ணு ஏன் அப்படி முறைக்குதுன்னு? உன் மேல அதுக்கு ஒரு கோவமும் இல்லை. உன்னைத் தப்பா ஏத்திவிட்டா கம்பெனிக்கு அபராதம், அதுக்கு மெமோ. உன் பாஸ்போர்ட் எந்த நாடு, எந்த விசா இருக்கு, எங்க மாறுறே, எங்க போறேன்னு தட்டும். டைமாட்டிக்னு ஒரு கம்ப்யூட்டர் ஏடு இருக்கு. எந்த நாட்டுக்காரன் எந்த ஊர் வழியாப் போக என்ன வேணும்னு அதுல இருக்கும். அது போன்னா நீ போகலாம், நில்லுன்னா நிக்கணும். கனடா தூதரகம் உனக்கு விசா கொடுத்திருக்கலாம், காலேஜ் உன்னை வா வான்னு கூப்பிட்டிருக்கலாம். சாமி வரம் கொடுத்தாச்சு. பூசாரி அந்தக் கவுன்டர்ல இருக்கு, யூனிபார்ம் போட்டுக்கிட்டு. அதுகிட்ட "எனக்குத் தெரிஞ்ச எம்.எல்.ஏ."ன்னு ஆரம்பிச்சேன்னா அது உனக்குப் பின்னாடி நிக்கிறவனைக் கூப்பிட்டுடும்.

உன் சின்னத் தாத்தா பேரன் சிட்னிக்குப் போன கதை உனக்குச் சொல்லலையே? 2022-ல. இவன் உன்னைவிடப் புத்திசாலி. திருச்சியிலேருந்து கோலாலம்பூருக்கு ஒரு கம்பெனியில ஒரு டிக்கெட், கோலாலம்பூர்லேருந்து சிட்னிக்கு வேற கம்பெனியில வேற டிக்கெட். தனித்தனியா வாங்கினா லாபம்னு யாரோ சொல்லியிருக்கான். கவுன்டர்ல அந்தப் பொண்ணு "மலேசியா விசா இருக்கா சார்?"னு கேட்டுச்சு. இவன் "நான் மலேசியாவுக்குப் போகலையே, சிட்னிக்குப் போறேன்"னான். "உங்க டிக்கெட் கோலாலம்பூரோட முடியுது சார், பெட்டியும் அங்கதான் இறங்கும்." பெட்டியில கட்டுற வால் சீட்டைத் திருப்பிக் காட்டிச்சு. கே-யூ-எல். அந்த மூணு எழுத்துதான் உன் தலையெழுத்து. அது கோலாலம்பூர் பெல்ட்ல இறங்கிச் சுத்திக்கிட்டே இருக்கும்; அதை எடுக்க இமிகிரேஷன் தாண்டணும், தாண்ட விசா வேணும். இவன் என்ன சொன்னான் தெரியுமா? "பெட்டியே வேண்டாம், நான் வெறுங்கையோட போறேன்." பெட்டிக்குள்ள அவங்க ஆத்தா ரெண்டு நாள் உட்கார்ந்து சுட்ட முறுக்கு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆத்தா கையாட்டிக்கிட்டு நிக்குது. அந்தப் பொண்ணு பொறுமையாச் சொல்லிச்சு: "அடுத்த கம்பெனி போர்டிங் பாஸ் வாங்கிற கவுன்டரும் வெளியிலதான் சார் இருக்கு." முறுக்கு, பையன், பெட்டி எல்லாம் அன்னைக்கு ராத்திரியே பட்டுக்கோட்டைக்கு வந்து சேர்ந்துச்சு. முறுக்கு நல்லாத்தான் இருந்துச்சு.

இப்போ மலேசியாக்காரன் 2023 டிசம்பர் 1-லேருந்து இந்தியருக்கு முப்பது நாள் விசா வேண்டாம்னு விட்டிருக்கான், அதனால அந்தக் கதை இன்னைக்கு நடக்காது. ஆனா அந்த நுணுக்கம் அப்படியேதான் இருக்கு. கோலாலம்பூர்ல முதல் டெர்மினல் வேற, ரெண்டாவது வேற. தனித்தனி டிக்கெட் வச்சுக்கிட்டு ஒண்ணுலேருந்து ஒண்ணுக்குப் போகணும்னா வெளியே வந்து ரயில் பிடிக்கணும். லண்டன்ல ஹீத்ரோவுல இறங்கி கேட்விக்ல ஏறுற டிக்கெட்டும் விப்பான். ரெண்டும் லண்டன்தானேன்னு நினைப்பே. தஞ்சாவூர் வேற, கும்பகோணம் வேறடா. ரெண்டுக்கும் நடுவுல முழு நிலைப்படி இருக்கு.

சிங்கப்பூர் வழியாப் போறவனுக்கு ஒரு ஆசை வரும், சொல்லிவைக்கிறேன். சாங்கி ஏர்போர்ட்ல நாற்பது மீட்டர் உயரத்துலேருந்து கட்டடத்துக்குள்ளேயே அருவி கொட்டுது, அதுக்கு முன்னாடி நின்னு ஃபோட்டோ போடணும்னு. அந்த அருவி இருக்கிற ஜுவல் கட்டடம் இமிகிரேஷனுக்கு வெளியில இருக்கு. திண்ணையில உட்கார்ந்துக்கிட்டுப் பார்க்கணும்னா, டெர்மினலுக்கு டெர்மினல் ஓடுற குட்டி ரயில்ல போகும்போது கண்ணாடி வழியா ஓரப் பார்வை பார்த்துக்கலாம். இறங்கி நனையணும்னா உள்ளே போகணும். இதுல கனடா விசாக்காரனுக்கு ஒரு சலுகை: கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, பிரிட்டன், ஜப்பான், ஜெர்மனி, நியூசிலாந்து, சுவிட்சர்லாந்து, இதுல ஒரு நாட்டு விசா வச்சுக்கிட்டு அந்தப் பக்கமாப் போற இல்ல வர்ற இந்தியனை 96 மணி நேரம் உள்ளே விடுவான். இல்லாதவன் குற்றாலத்துக்குப் போகலாம். சீசன்ல போனா அதுவும் கொட்டும், விசா இல்லாம.

சீனாக்காரன் 2024 டிசம்பர்ல டிரான்ஸிட் ஆளுங்களுக்கு 240 மணி நேரம் விசா வேண்டாம்னு அகலமாத் திறந்துவிட்டான். ஐம்பதுக்கு மேல நாடு அந்தப் பட்டியல்ல இருக்கு. நாம இல்லை. நமக்கு 24 மணி நேரம்தான். அதுவும் எல்லாருக்கும் கொடுக்கிறது. உன் கனடாக்காரன் மட்டும் என்ன, அவன் ஏர்போர்ட்ல மாறிப் போகவும் நமக்கு டிரான்ஸிட் விசா வேணும். 48 மணி நேரத்துக்கு, ஆனா காசு வாங்குறதில்லை. காசு வாங்காத தர்மகர்த்தா உலகத்துல இன்னும் இருக்கான்.

சரி, மோர் ஆறிப்போகுதுன்னு அப்பாயி முறைக்கிறா. ஆறுற மோரு எந்த ஊர்ல இருக்குன்னு கேட்காதே, அவ அப்படித்தான் சொல்லுவா.

இந்த நியூயார்க் டிக்கெட்டை விடு. துபாய்லேருந்து நேராப் போறதைப் போடு, இல்ல லண்டன்ல ஒரே தடவை மாறுறதைப் போடு. பத்தோ பதினஞ்சோ கூட ஆனா நான் தர்றேன், உங்கப்பன்கிட்ட கேட்காதே, அவன் கணக்கு எழுதுவான். டிக்கெட் ஒரே நம்பர்ல இருக்கணும். சென்னையில பெட்டியைப் போடுறப்போ வால் சீட்டைத் திருப்பிப் பாரு, ஒய்-ஒய்-இசட்னு இருக்கணும், அது டொரோண்டோ. வேற எந்த எழுத்து இருந்தாலும் அங்கேயே நின்னு கேளு, வெட்கப்படாதே. உனக்குப் பின்னாடி நிக்கிறவன் "சீக்கிரம் சார்"னு சொல்லுவான். அவன் சுவிட்சர்லாந்துக்காரனா இருப்பான்.

ஏஜென்ட் நம்பர் இருக்குல்ல? போடு, இப்பவே போடு. ஸ்பீக்கர்ல போடு. மொதல்ல நீ கேளு: ஒரே டிக்கெட்டா, ரெண்டு டிக்கெட்டா? அவன் "எல்லாம் ஒண்ணுதான் சார், ஒண்ணும் பிரச்சினை வராது"ன்னு சொன்னான்னா, அடுத்த வார்த்தை நீ பேசாதே. ஃபோனை என் கையில கொடு.